கழித்தல் கணக்கு

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் வாட்டர்ஹவுஸ் என்பது ஏழைகள் நெருக்கியடித்து வாழும் பேட்டை. அங்கே ட்ரோமிலி அவென்யூவில் ஒரு சின்ன வீடு. அதன் முன்னறையில், 1970களின் தொடக்கத்தில், ஆஸ்போர்ன் ரட்டக் என்பவர் ஒரு மிக்ஸிங் மேசையை வாங்கிப் போட்டார். ஊரின் பெரிய ஸ்டூடியோ ஒன்று தனக்குப் பழசாகிவிட்டது என்று தள்ளிவிட்ட நான்கு ட்ராக் மேசை அது. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் பார்ப்பதுதான் ரட்டக்கின் தொழில். ஊருக்கு அவர் கிங் டப்பி.

வாத்தியக் குழுவை உட்காரவைத்துப் பதிவு செய்ய அந்த அறையில் இடமில்லை. வேறெங்கோ பதிவான பாட்டுகளின் டேப்தான் அவரிடம் வரும். பாடகரின் குரலை எடுத்துவிடுவார். கிதாரை எடுத்துவிடுவார். ட்ரம்ஸும் பேஸும் மட்டும் தனியே நடந்துகொண்டிருக்கும். திடீரென்று குரலின் ஒரு துண்டு எட்டிப்பார்த்து எதிரொலிக்குள் கரைந்துபோகும். மேசையில் ஒரு பெரிய ஃபில்டர் குமிழ் இருந்தது. அதைத் திருகினால் தாழ்ந்த ஒலிகள் படிப்படியாக வெட்டுப்படும். ஹைஹேட்டின் சலசலப்பு மட்டும் மிஞ்சும் வரை திருகுவார், பிறகு விடுவார். பேஸ் திரும்பி வரும் அந்தக் கணத்தில்தான் கேட்பவருக்கு பேஸ் என்று ஒன்று இருந்ததே உறைக்கும்.

இந்த வகைக்கு டப் என்று பெயர் வந்தது. புதிதாக ஒரு சுரம் வாசிக்காமல், இருப்பதை எடுத்தும் வைத்துமே ஒரு பாட்டை வேறொரு பாட்டாக்கலாம் என்று அது காட்டியது. லேப்டாப்போடு வீட்டறையில் உட்கார்ந்து எலக்ட்ரானிக் இசை செய்பவர்களுக்கு டப்பி பாட்டன் முறை. ஆனால் பேரப்பிள்ளைகளிடம் மிக்ஸ் சரியாக வரவில்லை என்றால், முதலில் வரும் கேள்வி 'இன்னும் எந்த ப்ளக்-இன் போடணும்?' என்பதுதான். கேள்வியே தலைகீழ் என்பது என் கட்சி. வீட்டு மிக்ஸில் பெரும்பாலும் ஏற்கெனவே வேண்டியதற்கு மேல் இருக்கிறது. எதை, எங்கே, எவ்வளவு எடுப்பது என்பதுதான் கணக்கு. அதற்கு அறையின் இயற்பியலும் காதின் உடற்கூறும் தெரிந்திருக்க வேண்டும். மென்பொருள் அதற்குப் பிறகு.

கையில் பிடித்துப் பேச ஒரு ட்ராக்கை வைத்துக்கொள்வோம். வேகம் நிமிடத்துக்கு 124 அடி. ஒவ்வொரு அடியிலும் ஒரு கிக் ட்ரம். ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 இயந்திரத்தின் வழியில் வந்த, 50 ஹெர்ட்ஸைச் சுற்றி நீளமாக முனகும் கிக். அதன் மேல் ஒரு பேஸ், எஃப் ஷார்ப்புக்கும் ஏ-வுக்கும் இடையே போய்வருகிறது. 46 ஹெர்ட்ஸ், 55 ஹெர்ட்ஸ். பிறகு பின்னணியில் அகலமாக விரிந்து நீளும் ஒரு பேட், முன்னே நின்று மெலடி வாசிக்கும் ஒரு லீட், ஹைஹேட், கைத்தட்டல். இதைச் செய்தவர் உட்கார்ந்திருப்பது 10க்கு 12 அடி படுக்கையறை. கூரை உயரம் 10 அடி. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை.

அந்த அறைதான் முதல் பிரச்சினை.

அறை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 6.9 மீட்டர் நீளம். அறையின் நீளமோ 3.66 மீட்டர். அதாவது ஒரு முழு அலைக்குக்கூட அறையில் இடமில்லை. சுவரில் மோதித் திரும்பும் அலை, போகும் அலையோடு சேர்ந்து, ஒரே இடத்தில் நின்று ஆடத் தொடங்குகிறது. அகலமான அண்டாவில் தண்ணீரை எடுத்துக்கொண்டு நடந்தால், நடையின் தாளம் பொருந்தும்போது இரு ஓரங்களும் மாறிமாறி ஏறி இறங்கும், நடுவில் நீர்மட்டம் அப்படியே நிற்கும். அறைக்குள் காற்றழுத்தம் செய்வதும் அதுதான். எந்த அதிர்வெண்ணில் இது நடக்கும் என்று கண்டுபிடிக்க ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். 12 அடிக்கு சுமார் 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு சுமார் 57. கூரையும் 10 அடி என்பதால் அதே 57 இரண்டு முறை விழுகிறது.

நம் பேஸின் இரண்டு சுரங்களும் இந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நாற்காலியை அறையின் நட்டநடுவில் போட்டால் இரண்டுமே மெலிந்து கேட்கும். பின்சுவரை ஒட்டிப் போட்டால் எஃப் ஷார்ப் வீங்கிவிடும். அதிலும் பெரும்பாலானவர்கள் செய்வது, இரு ஸ்பீக்கர்களுக்கும் சமதூரம் வேண்டும் என்று அகலவாட்டில் சரியாக நடுவில் உட்காருவது. அது சரியான பழக்கம்தான். ஆனால் அந்த இடத்தில் 57 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வின் உதவி கிடைக்காது. ஏ சுரம் ஏன் எழவில்லை என்று நினைத்து அதை மட்டும் ஈக்யூவில், அதாவது அதிர்வெண் வாரியாக ஏற்றி இறக்கும் கருவியில், 6 டெசிபெல் ஏற்றுவார்கள். கோப்பில் அந்தச் சுரம் மெலிந்திருக்கவே இல்லை. மெலிந்தது நாற்காலி இருந்த இடத்தில். காரில் போட்டுக் கேட்கும்போது அந்த ஒரு சுரத்தில் மட்டும் கதவு அதிரும்.

இதற்கு வைத்தியம் என்று ஊரில் பரவியிருப்பது முட்டை அட்டை. சுவர் முழுக்க ஒட்டிவிடுவார்கள். சற்று வசதியானவர்கள் இரண்டு அங்குலக் கறுப்பு ஃபோமை ஒட்டுவார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபீன், 1895இல், எதிரொலி தாங்க முடியாமல் கிடந்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யப் போனபோது, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் குழல் ஒன்றை ஊதவிட்டு, ஒலி அடங்க எத்தனை வினாடி என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறை அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது. ஆனால் அவர் அளந்தது 512 ஹெர்ட்ஸ் ஒலியை. அங்கே அலைநீளம் 70 சென்டிமீட்டருக்குக் கீழே. மெத்தையின் கனம் வேலை செய்யும். நுண்துளைப் பொருள் நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் கனம் அலைநீளத்தில் கால் பங்கை நெருங்க வேண்டும். 50 ஹெர்ட்ஸுக்கு அது 1.7 மீட்டர். இரண்டு அங்குல ஃபோமைப் பார்த்து அந்த அலை சிரிக்கக்கூட நிற்காது. ஃபோம் உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டு அடிஒலிகளை அப்படியே விடுவதால், அறை முன்பைவிட மொத்தையாகக் கேட்கும். முட்டை அட்டை அதைக்கூடச் செய்யாது.

இன்னொன்று. இந்த விஷயத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர், பேஸ் ஒலிக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஒரு பகுதியை வெளியேயும் விட்டுவிடும். நம் செங்கல்லும் கான்கிரீட்டும் வளையாது. அங்கே போதும் என்று சொல்லப்படும் அளவு இங்கே போதாது.

அப்படியானால் என்ன செய்வது? நாற்காலியை நகர்த்துவது. செலவில்லாத, மிகப் பலன் தரும் வேலை இதுதான். நீளவாட்டில் முன்சுவரிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு தூரம் தொடங்குவதற்கு நல்ல இடம். நடுவும் வேண்டாம், சுவரும் வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தைகள் வீட்டில் இருந்தால் சுருட்டி மூலைகளில் நிறுத்தலாம். எல்லா நின்றலைகளும் மூலையில்தான் உச்சத்தில் இருக்கும், எனவே கிடைக்கும் கனத்தை அங்கே செலவழிப்பது மேல். அதற்கு மேல் அறையைத் திருத்துவதைவிட அறிந்துகொள்வதே லாபம். மென்பொருளில் ஒரு சாதாரண சைன் அலையை எடுத்து, 40 ஹெர்ட்ஸிலிருந்து 120 வரை அரைச்சுரம் அரைச்சுரமாக, ஒரே அளவில் வாசிக்கவிட்டுக் கேளுங்கள். எந்தச் சுரம் காணாமல் போகிறது, எது அலறுகிறது என்று ஒரு தாளில் குறித்து மேசையில் ஒட்டிவையுங்கள். அந்தச் சுரங்களைப் பற்றி அந்த அறையின் சாட்சியத்தை நம்பாதீர்கள். அவற்றுக்கு ஹெட்ஃபோனைப் போட்டுக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனில் அறை கிடையாது. பதிலுக்கு அது இடம்-வலம் அகலத்தில் பொய் சொல்லும், ஏனென்றால் இடது ஒலி வலது காதுக்குப் போகவே போகாது. ஆக, அடிஒலிக்கு ஹெட்ஃபோன், அகலத்துக்கு ஸ்பீக்கர் என்று வேலையைப் பிரித்துக்கொடுக்கலாம்.

அறையைத் தாண்டி வந்தால் அடுத்த பொய்யர் நம் காதுதான்.

பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, எல்லா அதிர்வெண்களும் சம உரப்பாகக் கேட்க ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு அழுத்தம் தேவை என்று வரைந்து காட்டியது. இன்று பயன்படும் திருத்தப்பட்ட வளைவுகளின்படி, 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபெல்லில் மெதுவாக ஒலிக்கும்போது, 50 ஹெர்ட்ஸ் அதே உரப்பில் கேட்க சுமார் 38 டெசிபெல் கூடுதலாக வேண்டும். அதே 1000 ஹெர்ட்ஸ் 80 டெசிபெல்லில் ஒலித்தால், கூடுதல் தேவை 22 டெசிபெல் அளவுதான். வால்யூமை ஏற்றினால் பேஸ் தானாகவே முன்னுக்கு வந்து நிற்கும். ட்ராக்கில் ஒன்றும் மாறியிருக்காது. நள்ளிரவில் பக்கத்து வீட்டுக்குப் பயந்து மெல்ல வைத்து மிக்ஸ் செய்தவர் பேஸை அள்ளிக் கொட்டியிருப்பார். ஞாயிறு மதியம் அலறவிட்டுச் செய்தவர் பேஸே வைத்திருக்க மாட்டார். ஒரே ஒரு வால்யூமைத் தேர்ந்தெடுத்து, குமிழில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, பெரும்பாலான நேரம் அங்கேயே வேலை செய்பவருக்கு இந்த ஊசலாட்டம் இல்லை.

எந்த வால்யூம்? பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய வால்யூம். 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் எல்லை. 3 டெசிபெல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். ஹெட்ஃபோனில் அந்த அளவை எட்டுவது சுலபம். சேதம் ஒருபுறம் இருக்கட்டும், அதற்கு வெகு முன்பே காது தற்காலிகமாக மந்தமாகிவிடும். உச்ச ஒலிகள் மங்கிவிட்டன என்று நினைத்து ஹைஹேட்டை ஏற்றுவது நள்ளிரவு மிக்ஸ்களின் பொதுவியாதி.

உரப்பு செய்யும் இன்னொரு மோசடிக்குத்தான் ப்ளக்-இன் வியாபாரம் நன்றி சொல்ல வேண்டும். ஒரே ஒலியை ஒரு டெசிபெல் ஏற்றிக் காட்டினால், நாம் 'சத்தம் கூடியது' என்று உணர்வதில்லை. 'தெளிவானது, உயிர் வந்தது' என்று உணர்கிறோம். பல ப்ளக்-இன்கள் போட்ட மாத்திரத்தில் அளவைச் சற்றே ஏற்றிவிடும். போட்டதும் நன்றாக இருப்பது போலத் தோன்றுவதில் வியப்பில்லை. அதன் வெளியீட்டு அளவைப் போடுவதற்கு முன்பிருந்த அளவுக்கே இறக்கிவிட்டு, போட்டும் எடுத்தும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் நீக்கிவிடுவீர்கள் என்பது என் ஊகம்.

இனி ட்ராக்குக்குள் போவோம். கிக்கும் பேஸும் சேர்ந்தால் சேறாகிறது என்பதுதான் எல்லோருடைய புகாரும். இரண்டையும் தனித்தனியே கேட்டால் அற்புதமாக இருக்கும். சேர்த்தால் இரண்டுமே இல்லை. இது உட்காதின் காக்ளியாவுக்குள், சுமார் 35 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சுருண்ட சவ்வில் நடக்கும் விபத்து. உச்ச ஒலிகள் அந்தச் சவ்வின் வாசலிலும், அடிஒலிகள் கடைசி முனையிலும் அதிர்வை எழுப்புகின்றன. இந்தப் பயண அலையைக் கண்டு விளக்கியதற்காக ஜார்ஜ் வான் பெகெஷி 1961இல் நோபெல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் எபர்ஹார்ட் ஸ்விக்கர் காதின் முழு வீச்சையும் 24 பட்டைகளாகப் பிரித்துக் காட்டினார். ஒரே பட்டைக்குள் விழும் இரண்டு ஒலிகளைக் காது பிரித்துப் பார்க்கத் திணறும். உரத்தது மெலிந்ததை மறைத்துவிடும். வேறு வேறு பட்டைகளில் விழுந்தால் இரண்டும் பிழைக்கும்.

அந்த 24இல் முதல் பட்டை 0 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை. கிக்கின் 50, பேஸின் 46, 55 எல்லாமே அந்த ஒரே பட்டைக்குள். ஈக்யூவில் கிக்குக்கு 50இல் ஒரு மேடு, பேஸுக்கு அதே இடத்தில் ஒரு குழி என்று செதுக்குவதைப் பல பாடங்கள் சொல்லித்தரும். அது உதவாமல் இல்லை. ஆனால் காதே பிரிக்காத ஒரு பட்டைக்குள் போடும் வேலி அது. அதிர்வெண்ணில் இடம் இல்லை என்றால் காலத்தில் இடம் தேட வேண்டும். 124 வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 484 மில்லிவினாடி இருக்கிறது. கிக்கின் வாலை 200 மில்லிவினாடிக்குள் வெட்டிவிட்டால் பேஸுக்கு மீதி முழுவதும் சொந்தம்.

சைட்செயின் கம்ப்ரஷன் என்பது இந்தப் பங்கீட்டைத் தானியங்கியாகச் செய்யும் ஏற்பாடு. ஒலியின் அளவைத் தானாக அழுத்திக் குறைக்கும் கம்ப்ரஸர் பேஸ் ட்ராக்கில் உட்கார்ந்திருக்கும். ஆனால் அது காதுகொடுத்துக் கேட்பது கிக்கை. கிக் விழும்போதெல்லாம் பேஸ் தலை குனிந்து, 100, 150 மில்லிவினாடியில் நிமிரும். கூடுதலாகச் செய்தால் முழு ட்ராக்கும் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். டாஃப்ட் பங்க் 2000இல் வெளியிட்ட 'ஒன் மோர் டைம்' பாட்டில் அந்த மூச்சிரைப்பே ஒரு வாத்தியம். நம் ட்ராக்குக்கு அவ்வளவு வேண்டாம் என்றால், குனிவது தெரியாத அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். இதைவிட எளிய வழி ஒன்று உண்டு: பேஸின் சுரங்களைக் கிக் விழாத இடங்களில் எழுதுவது. இசையமைப்பிலேயே தீர்த்துவிட்டால் மிக்ஸிங்கில் வேலையே இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஆனால் அதற்காகத் தனக்குப் பிடித்த மெலடியை மாற்ற வேண்டியிருக்கும், அதனால் யாரும் செய்வதில்லை.

பயண அலையில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அடிஒலியின் அலை கடைசி முனைக்குப் போவதற்கு, வாசலில் இருக்கும் உச்ச ஒலிகளின் இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். திரும்பி வருவதில்லை. அதனால் தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மறைப்பது சுலபம். உயர்ந்தது தாழ்ந்ததை மறைப்பது கடினம். தவில் முழங்கும்போது பக்கத்தில் யாராவது வீணை வாசித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டு மிக்ஸின் சேறு பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது. பேட், லீட், கைத்தட்டல், அவற்றின் ரிவெர்ப் என்று ஒவ்வொன்றும் 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் கொஞ்சம் ஒலியைச் சுமந்துகொண்டு வரும். தனியாகக் கேட்கும்போது அந்தக் கனம்தான் பேட்டுக்கு அழகு. மொத்தமாகச் சேரும்போது அவை மேலே இருக்கும் எல்லாவற்றையும் போர்த்திவிடும். டப்பியின் குமிழ் வேலைக்கு வருவது இங்கேதான். பேட்டில் ஒரு ஹைபாஸ் ஃபில்டர் போட்டு, மற்ற ட்ராக்குகள் ஓடிக்கொண்டிருக்க, மெலிந்துவிட்டது என்று தோன்றும் வரை மேலே திருகி, அங்கிருந்து சற்றே கீழே விடுங்கள். சோலோ பொத்தானை அழுத்தி பேட்டை மட்டும் கேட்டால் பரிதாபமாக ஒல்லியாக இருக்கும். கேட்பவர் யாரும் சோலோவில் கேட்கப்போவதில்லை. ரிவெர்ப்பின் உள்ளீட்டிலும் அதே ஃபில்டர். கிக்குக்கு ரிவெர்ப்பே வேண்டாம்.

இந்த ட்ராக்கைக் கேட்கப்போகிறவர்களில் பலர் ஃபோனில் கேட்பார்கள். ஃபோனின் ஸ்பீக்கர் 55 ஹெர்ட்ஸைப் பெயருக்குக்கூட எழுப்பாது. ஆனாலும் பேஸைக் கேட்கவைக்க முடியும், ஏனென்றால் இல்லாத ஒலியைக் கேட்பது மூளையின் பழைய வித்தை. பழைய தரைவழித் தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது. ஆண் குரலின் அடிப்படைச் சுரமோ 100, 120 ஹெர்ட்ஸ். ஆனாலும் தொலைபேசியில் அப்பாவின் குரல் கட்டைக் குரலாகவே கேட்டது. அடிப்படைச் சுரம் வராவிட்டாலும் அதன் மடங்குகள் சம இடைவெளியில் வரிசையாக வந்தால், அந்த இடைவெளியைக் கொண்டு மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. சுத்தமான சைன் அலை பேஸுக்கு மடங்குகளே கிடையாது. ஃபோனில் அது வெறும் மௌனம். அதைச் சற்றே சிதைத்தால் 110, 165, 220, 275 என்று மடங்குகள் முளைக்கும். சாச்சுரேஷன் ப்ளக்-இன்கள் செய்வது அந்தச் சிதைவைத்தான். சேர்க்க வேண்டிய வெகுசில இடங்களில் இது ஒன்று.

மேற்கத்திய ஸ்டூடியோக்களில் யமஹா என்எஸ்-10 என்ற வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கர் கோலோச்சியதற்கும் இதோடு தொடர்பு உண்டு. 1978இல் வீட்டு ஸ்பீக்கராகத்தான் அது வெளிவந்தது. பேஸ் குறைவு, நடு ஒலிகள் துருத்தும். ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான பரப்பு அந்த நடு ஒலிகள்தான். அதில் நின்ற மிக்ஸ் எதிலும் நிற்கும் என்று பொறியாளர்கள் நம்பினார்கள். வீட்டில் இருப்பவருக்கு அந்த வேலையை ஒரு மலிவான ப்ளூடூத் ஸ்பீக்கர் செய்துவிடும்.

ப்ளூடூத் ஸ்பீக்கரில் இன்னொரு சோதனையும் தானாக நடந்துவிடுகிறது. சிறியவற்றில் பல மோனோ. இடமும் வலமும் ஒன்றாகக் கூட்டப்படும் அந்த இடத்தில், நம் ட்ராக்கின் அகலமான பேட் காணாமல் போகலாம். காரணம், ஒலியை அகலமாக்க மலிவான வழி, வலது பக்கத்தைச் சில மில்லிவினாடி தாமதிப்பது. 10 மில்லிவினாடி தாமதித்த ஒரே ஒலியை அதன் மூலத்தோடு கூட்டினால், 50 ஹெர்ட்ஸில் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும், கூட்டல் பூஜ்யம். 150இல் பூஜ்யம், 250இல் பூஜ்யம், இப்படியே சீப்பின் பற்கள் போல மேலே வரை. ஒரே மாதிரி இரண்டு கிக் சாம்பிள்களை அடுக்கும்போது அடி கனக்காமல் மெலிவதும் இதே கணக்குதான். ஒன்றின் துருவத்தைத் திருப்பும் பொத்தானை அழுத்திப் பார்த்தால் சில நேரம் ஒரே அழுத்தில் சரியாகிவிடும்.

பேஸை அகலமாக்குவதில் பயனும் இல்லை. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் காது இரண்டு வழிகளில் கண்டுபிடிக்கிறது என்று ரேலி பிரபு 1907இல் விளக்கினார்: தாழ்ந்த ஒலிகளில் இரு காதுகளுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசம், உயர்ந்தவற்றில் தலை மறைப்பதால் வரும் உரப்பு வித்தியாசம். 50 ஹெர்ட்ஸில் அலை ஏழு மீட்டர். தலை அதற்கு ஒரு தடையே இல்லை. நேர வித்தியாசமும் அந்த அலையின் நீளத்துக்கு முன் ஒன்றுமில்லை. அதோடு சின்ன அறையின் நின்றலைகள் மிச்சமிருக்கும் தடயத்தையும் குழப்பிவிடும். ஆகவே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ. வினைல் தட்டில் வெட்டுபவர்கள் இதைக் கட்டாயமாகவே கேட்பார்கள், இல்லையென்றால் ஊசி பள்ளத்தைவிட்டுக் குதித்துவிடும்.

எதை எடுப்பது என்று முடிவெடுக்க இன்னொருவரின் காதும் உதவும். பாடகி பில்லி ஐலிஷின் 2019 ஆல்பத்தை அவர் அண்ணன் ஃபின்னியாஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு படுக்கையறையில் உருவாக்கி, 2020 தொடக்கத்தில் கிராமி மேடையில் அள்ளிக்கொண்டு போன கதை எல்லோருக்கும் தெரியும். அந்த ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் ராப் கினெல்ஸ்கி என்ற வேறொருவர் என்பதை அந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள். கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரகுமான் தன் வீட்டையொட்டிக் கட்டிய பஞ்சதன் ஸ்டூடியோவிலும், பல ஆண்டுகள் ஒலிப்பொறியாளராக எச். ஸ்ரீதர் இருந்தார். ட்ராக்கை உருவாக்கியவருக்கு அந்த லீட் எவ்வளவு பாடுபட்டு வந்தது என்று தெரியும், அதனால் அதைக் குறைக்க மனம் வராது. வேறொருவருக்கு அந்தப் பாசம் கிடையாது. வேறொருவர் கிடைக்காதவர்கள் ஒரு வாரம் கேட்காமல் வைத்துவிட்டுத் திரும்பினால், ஓரளவு வேறொருவராகவே திரும்புவார்கள்.

கடைசியில் சத்தம். தன் ட்ராக் மற்றவர்களுடையதைவிட மெல்லக் கேட்கிறதே என்ற பதற்றத்தில், மாஸ்டர் சேனலில், உச்சங்களை அடக்கும் லிமிட்டரைப் போட்டுப் பிழிவது வழக்கம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் உரப்பை அளக்க ஒரு முறையை வகுத்தது. உச்சத்தை அல்ல, காது உணரும் சராசரியை அது அளக்கும், இன்று பரவலாக வழங்கும் அலகு எல்யூஎஃப்எஸ். ஸ்பாட்டிஃபை இயல்பாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் அளவுக்கு எல்லாப் பாட்டுகளையும் கொண்டுவருகிறது. நீங்கள் மைனஸ் 8 வரை பிழிந்து அனுப்பினால், அது 6 டெசிபெல் இறக்கிவிடும். சத்தம் போனது போக, பிழிந்ததில் நசுங்கிய கிக் நசுங்கியபடியே இருக்கும். டிஜேக்கள் வாசிக்கும் இடத்தில் இந்தச் சமப்படுத்தல் கிடையாது, அதனால் க்ளப்புக்கான ட்ராக்குகள் இன்றும் உரக்கவே மாஸ்டர் செய்யப்படுகின்றன. இரண்டு இடத்துக்கும் இரண்டு மாஸ்டர் செய்துகொள்வதில் தவறில்லை.

அது மாஸ்டரிங்கின் வேலை, மிக்ஸுக்கு அடுத்த கட்டம். மிக்ஸ் முடிக்கும்போது லிமிட்டரைக் கழற்றிவிடுங்கள். 24 பிட் கோப்பின் வீச்சு கோட்பாட்டளவில் 144 டெசிபெல். உச்சத்துக்கும் பூஜ்யத்துக்கும் இடையே 6 டெசிபெல் விட்டுவைத்தால் தரத்தில் எதுவும் இழப்பில்லை. கிக்கும் பேஸும் மட்டும் உள்ள ஒரு கோப்பு, அவை நீங்கலான ஒரு கோப்பு என்று இரண்டையும் கூடவே ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் செய்பவர் அந்த இரண்டையும் கேட்கக்கூடும்.